பேரைக் கேட்டுட்டு வெட்டுங்க!

— மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவி, கோச்சடை



மலர்க்குழுவில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்து, "ஒரு கவிதை எழுதிக் குடு, பக்கம் காலியா இருக்கு" என்றார். எனக்குக் கவிதை வராது. அம்மா, நிலா, நட்பு ஆகிய மூன்று தலைப்புகளிலும் மூட்டை கட்டும் அளவுக்குக் கவிதைகள் வந்து கிடப்பதாகக் கேள்வி. ஆகவே நான் பனியனைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். பத்திரிகையைப் பற்றியும் எழுதுகிறேன். செய்திப் பத்திரிகை இல்லை. வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கோடு கொடுக்கிறோமே, அந்தப் பத்திரிகை.

போன வருஷக் கல்லூரி விழா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பேரவை சார்பில் கருநீலப் பனியன். முன்னால் கல்லூரிச் சின்னம், முதுகில் அவரவர் பெயர். விலை 380 ரூபாய். அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டில் பூக்கட்டிக் கொடுக்கிறார். 380 ரூபாய் என்பது எங்கள் வீட்டில் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டிய தொகை. நான் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் என்னோடு சேர்த்து ஐந்து பேர் வாங்கவில்லை. விழா அன்று குரூப் போட்டோ எடுக்க வந்தவர், "பனியன் போட்டவங்க மட்டும் முன்னால வாங்க, மத்தவங்க கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. கலர் ஒரே மாதிரி இருந்தால்தானே போட்டோ நன்றாக வரும்! நாங்கள் ஒதுங்கினோம். அந்தப் போட்டோ இப்போது நம் நூலக வாசலில் மாட்டியிருக்கிறது. அதில் நாங்கள் ஐந்து பேரும் இல்லை.

வாங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் பக்கத்தில் உட்காரும் தோழி முத்துலெட்சுமி. கொம்பு போட்ட லெட்சுமி. பள்ளிச் சான்றிதழ் முதல் பஸ் பாஸ் வரை அப்படித்தான். பனியனில் 'முத்துலட்சுமி' என்று வந்துவிட்டது. கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்றார்களாம். ரெண்டும் ஒண்ணு இல்லை. அவளுடைய அப்பத்தா பெயர் அது, கொம்போடு வைத்தது.

இவ்வளவும் மனசில் இருந்த நேரத்தில்தான் எங்கள் சித்தி வீட்டுக்கு ஒரு மெஷின் வந்து சேர்ந்தது.

சித்தி விராட்டிபத்தில் ரவிக்கை தைப்பவர். மகளிர் குழுவில் கடன் எடுத்து 34 ஆயிரம் ரூபாய்க்கு அந்த மெஷினை வாங்கினார். வீட்டில் வைத்துக்கொள்ளும் கட்டிங் மெஷின். பார்க்க ஒரு பிரிண்டர் மாதிரிதான் இருக்கும். உள்ளே மைக்குப் பதில் ஒரு குட்டிக் கத்தி. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் அட்டை, ஸ்டிக்கர், பனியனில் ஒட்டும் வினைல் தாள் எல்லாவற்றையும் அந்தப் படத்தின் ஓரம் பிடித்து வெட்டித் தரும். "வீட்டிலிருந்தபடியே மாதம் 30 ஆயிரம் சம்பாதிக்கலாம்" என்று யாரோ காட்டிய வீடியோவை நம்பித்தான் வாங்கினார். அந்த 30 ஆயிரத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில், இந்த மெஷின் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. காளவாசல் பக்கம் போனால் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று போர்டு போட்ட கடைகள் இருக்கின்றனவே, அங்கே பைக்குக்கு 'அம்மா துணை', 'அழகர் துணை' என்று வெட்டி ஒட்டுவது இதனுடைய அண்ணன் மெஷின்தான். (அந்தத் தாளில் ரேடியம் என்று ஒன்றும் கிடையாது. 1898இல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த ரேடியத்தை ஒரு காலத்தில் கடிகார முட்களில் இருட்டில் ஒளிரப் பூசினார்கள். அந்தப் பெயர் நம் ஊரில் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.) முன்பு அதைக் கையில் பிளேடு பிடித்தே வெட்டினார்கள். பிறகு பிளாட்டர் வந்தது. இந்தக் கடைகளுக்குப் பெரிய வரும்படி வண்டி நம்பர் பிளேட். 2019 ஏப்ரலில் இருந்து விற்கும் புது வண்டிகளுக்குப் பாதுகாப்பு நம்பர் பிளேட் வண்டியோடேயே வர வேண்டும் என்றான பிறகு அந்த வேலை குறைந்தது. துணிக்கும் இது புதுசு இல்லை. அமெரிக்காவில் ஜோசப் கெர்பர் என்பவர் கம்ப்யூட்டர் கட்டளைப்படி துணி வெட்டும் மெஷினை 1960களின் கடைசியிலேயே செய்துவிட்டார். விளம்பரப் பலகை எழுத்து வெட்டும் மெஷின் அதற்குப் பிறகு, 1980களில்தான் அவர் கம்பெனியிலிருந்து வந்தது. வீட்டு மேசைக்கு என்று அமெரிக்காவில் 'கிரிகட்' என்ற மெஷின் 2006இல் வந்தது. இன்றைக்கு அந்த வகையில் பல கம்பெனிகள்.

மின்னியல் படிக்கிற நமக்கு மூடியைத் திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்த முகங்கள்தான். ரெண்டு ஸ்டெப்பர் மோட்டார். ஒன்று தாளை முன்னும் பின்னும் இழுக்கும், மற்றது கத்தியை இடமும் வலமும் ஓட்டும். நாம் லேபில் பார்த்தோமே, ஒரு தட்டுக்கு 1.8 டிகிரி, 200 தட்டுக்கு ஒரு சுற்று, அதே ஜாதி. பல் வைத்த பெல்ட். ஃபென்னர் கம்பெனி இருக்கிற கோச்சடையில் பிறந்தவளுக்கு பெல்ட்டைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம்! எனக்கு ஆச்சரியமாக இருந்தது கத்திதான். அதைத் திருப்ப மோட்டாரே கிடையாது. கத்தி நுனி அச்சின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் சக்கரம் இழுக்கிற பக்கம் தானே திரும்பிக்கொள்கிறது பாருங்கள், அதே தத்துவம். இதை வகுப்பில் சொல்லியிருந்தால் எனக்கு நாலு மார்க் கூடக் கிடைத்திருக்கும்.

சரி, மெஷின் புரிந்துவிட்டது. பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்றால், தமிழில்.

ஆங்கில எழுத்தை வெட்டிப் பாருங்கள், 'எல்', 'டி', 'எம்' எல்லாம் வெண்ணெய் மாதிரி வரும். நம்முடைய எழுத்தில் சுழி இருக்கிறது, புள்ளி இருக்கிறது. ஸ்டிக்கரிலோ பனியன் தாளிலோ வெட்டினால் தேவையில்லாத பகுதியைக் குண்டூசியால் கிள்ளி எடுக்க வேண்டும். இங்கிலீஷில் அதற்கு 'வீடிங்' என்று பெயர். சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முதல் நாளே அவர் அதற்கு வைத்த பெயர் 'களை எடுக்கிறது'. கல்யாணத்துக்கு முன்னால் நாற்றங்காலில் நின்றவர் இல்லையா! ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தில் 'ண'வின் சுழிக்குள் இருக்கும் துணுக்கு கடுகளவு. அதைக் கிள்ளப்போய் எழுத்தே சேர்ந்து வந்துவிடும்.

அட்டையில் எழுத்தையே ஓட்டையாக வெட்டும்போது கதை வேறு. 'ப', 'ட', 'ய', 'ர' பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் அவற்றில் மூடிய இடமே கிடையாது. 'க', 'ம', 'ண' என்றால் சுழியின் உள்வட்டம் பொத்தென்று கீழே விழுந்துவிடும். விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்னப் பாலம் வைக்க வேண்டும். எங்கே பாலம் வைத்தால் எழுத்து கெடாது என்று எந்த மெஷினும் சொல்லாது, நாம்தான் கண்ணால் பார்க்க வேண்டும். என் தங்கச்சி பெயர் கண்மணி. எழுதிப் பாருங்கள். நாலு எழுத்து, நாலிலும் சுழி, நடுவில் ஒரு புள்ளி. மெஷினுக்கென்றே பழி வாங்கி வைத்த பெயர்!

அடுத்தது, மேலே விலங்கு போடும் எழுத்துகள். 'தி', 'கீ' போன்றவை சில எழுத்துருக்களில் ரெண்டு துண்டாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் ஒன்றாகத் தெரியும். கத்தி ரெண்டு துண்டையும் தனித்தனியாக வெட்டும், குறுக்கே கோடு விழும். வெட்டுமுன் ரெண்டையும் இணைக்க வேண்டும். 'இன்க்ஸ்கேப்' என்று ஒரு மென்பொருள், 2003இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இப்படி இணைக்கும் கட்டளைக்குப் பெயரே 'யூனியன்'. நம் பேரவைக்காரர்கள் கவனிக்கவும்.

தமிழை வெளியூர் மெஷினுக்குள் நுழைக்கிற பாடு இன்று வந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வேலைக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை அமைத்தபோது புள்ளியையும் விலங்கையும் என்ன செய்வது என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டார். அடித்தாலும் நகராத விசை வைத்தார். அதற்கும் முன்னால் ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எழுத்தாணி முனையால் புள்ளி குத்தினால் ஓலை என்ன ஆகும் என்று எங்கள் மெஷின் புள்ளி வெட்டுவதைப் பார்த்தால் தெரியும். சித்தியிடம் வந்த ஒரு பெரியவர் மட்டும், தன் கடைப் பெயரில் 'லை'க்குப் பழைய துதிக்கைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். 1978இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்ததெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. கையால் வரைந்து வெட்டிக் கொடுத்தோம். அழகாகத்தான் இருந்தது.

பனியனுக்கு வெட்டும்போது எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். ஏனென்றால் நாம் வெட்டுவது தாளின் பின்பக்கம். மேலே கண்ணாடித் தாள் மாதிரி ஒன்று எழுத்துகளைச் சிதறாமல் பிடித்திருக்கும். அதை வெட்டாமல் கீழே உள்ள வினைலை மட்டும் வெட்ட வேண்டும். பிறகு துணியில் வைத்துச் சுமார் 150 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்த வேண்டும். கோச்சடை இளைஞர்கள் ஒரு தை மாசம், ஜல்லிக்கட்டுக்கு அவர்கள் காளையின் பெயர் போட்டு 12 பனியன் கேட்டார்கள். (மாடு பிடிக்கப் போகிறவனுக்கு நம்பர்தான், மாட்டுக்குத்தான் பேர்!) முதல் நாலு பனியனில் திருப்பிப் போட மறந்துவிட்டோம். கருப்பன் என்பது கண்ணாடியில் பார்த்தால் மட்டும் கருப்பன். அந்த நாலு பனியனை எங்கள் சித்தப்பா இன்றும் வயலுக்குப் போட்டுக்கொண்டு போகிறார். மிச்ச எட்டில் ரெண்டை இஸ்திரி அண்ணனின் கரிப்பெட்டியில் தேய்த்துப் பார்த்தோம். கனம் போதும், சூடு எவ்வளவு என்று தெரியாது. வினைல் சுருண்டு அப்பளம் ஆகிவிட்டது. அந்த ஆர்டரில் சித்திக்கு லாபம் 0. எழுத்துப் பிழை இல்லை, பூஜ்யம்தான்.

இப்போது 30 ஆயிரத்துக்கு வருகிறேன். எட்டு மாதக் கணக்கை நானே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கடன் தவணை, கத்தி, பசை பாய் (அட்டை நகராமல் பிடிக்க ஒட்டும் பாய் ஒன்று உண்டு, சில மாதத்தில் பசை போய்விடும்), வினைல், அட்டை எல்லாம் போக ஒரு மாதத்தில் கையில் நின்றது அதிகபட்சம் 2,100 ரூபாய். ரெண்டு மாதம் கைக்காசு போனது. ரவிக்கைத் தையல்தான் இந்த மெஷினுக்குச் சோறு போட்டது. இந்த மெஷின் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் இதை வீட்டுப் பெண்களிடம் 'தொழில்' என்று சொல்லி விற்பது எனக்குச் சம்மதமில்லை. இது ஒரு கருவி. ஆர்டர் இருக்கிற தொழிலுக்குப் பக்கத்தில் வைத்தால் உதவும். ஆர்டரை அது கொண்டுவராது.

விலை விஷயத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது, அதுவும் ரகசியமில்லை. நம்ம எமதூர் சிவகாசி எழுபது கிலோமீட்டரில் இருக்கிறது. 1923இல் தீப்பெட்டித் தொழில் அங்கே ஊன்றிய பிறகு, பெட்டி மேல் ஒட்டும் லேபிளுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் இன்று நாட்டுக்கே காலண்டரும் பத்திரிகையும் அடிக்கிறது. ஆயிரம் பத்திரிகை ஒரே மாதிரி வேண்டுமென்றால் வீட்டு மெஷின் அதற்கு முன்னால் கால் தூசி. பனியனுக்கும் அப்படியே. 300 பனியனில் ஒரே சின்னம் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் மலிவு. சட்டம் கட்ட ஒரு தரம் செலவு, பிறகு ஒவ்வொன்றுக்கும் மைதான். வீட்டு மெஷினுக்கு இடம் எங்கே என்றால், ஒன்றே ஒன்று வேண்டும்போது. ஒருத்தருக்கு, ஒரு பேருக்கு. அந்த ஒன்றை சிவகாசியில் கேட்டால் சிரிப்பார்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. சித்தி மெஷின் இன்டர்நெட் இல்லாமல், கம்பெனிக்காரன் மென்பொருள் இல்லாமல் ஒரு கோடு கூட வெட்டாது. நெட் போனால் கத்தி தூங்கும். 34 ஆயிரம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு நாம் முதலாளியா, அவன் முதலாளியா? இது வெறும் பயம் இல்லை. 2021 மார்ச்சில் அந்த கிரிகட் கம்பெனி, நீங்களே வரைந்த படம் என்றாலும் மாதத்துக்கு 20தான் ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டுமானால் சந்தா கட்டு என்று அறிவித்தது. வாங்கி வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். சில நாளிலேயே கம்பெனி அதைக் கைவிட்டது. கைவிட்டதற்காகச் சந்தோஷம். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்ட மெஷினுக்கு வெளியே இருந்தபடி பூட்டுப் போட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. ரேடியம் கடைப் பிளாட்டர்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது. 1970களில் ஹெவ்லெட்-பேக்கார்ட் கம்பெனி பேனா பிளாட்டருக்காக உண்டாக்கிய எச்.பி.ஜி.எல். மொழியையே அவை இன்றும் புரிந்துகொள்கின்றன. இன்க்ஸ்கேப்பிலிருந்து நேராக வெட்டலாம். பார்க்க முரட்டு மெஷின்தான். ஆனால் நம் பேச்சைக் கேட்கும்.

இனி நான் எழுதத் தயங்கிய விஷயம்.

நான் வயசுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. தாய்மாமன்மார் சேர்ந்து எங்கள் தெருமுனையில் பத்துக்கு எட்டு ஃபிளக்ஸ் கட்டினார்கள். நடுவில் பாவாடை தாவணியில் நான். சுற்றி மாமன்மார், அவர்கள் நண்பர்கள், கீழே ரெண்டு சிங்கம். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை, அன்பில் செய்ததுதான். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனபோது வகுப்புப் பையன்கள் என்ன சொன்னார்கள் என்பதை இந்த மலரில் எழுத முடியாது. பதினைந்து நாள் அது அங்கேயே நின்றது. பிறகு பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையானது. ரெண்டு மழைக்காலம், தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் ஆடுகளுக்கு மேலே நான் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் 'பெர்சனல்' என்கிறார்கள். தனிப்பட்ட பத்திரிகை, தனிப்பட்ட பனியன், தனிப்பட்ட பேனர். யாருடைய தனிப்பட்டது? 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணப் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயது இளம் பொறியாளர் லாரியில் அடிபட்டு இறந்தார். ஒருவர் வீட்டு விசேஷம் இன்னொருவர் உயிர் வரை போனது. அதற்குப் பிறகும் நம் ஊரில் ஃபிளக்ஸ் குறைந்தபாடில்லை.

போன ஆவணியில் கண்மணிக்குச் சடங்கு. மாமா வந்து, "போன தடவை பத்துக்கு எட்டு, இந்தத் தடவை பதினைஞ்சுக்குப் பத்து" என்றார். அன்று ராத்திரி தங்கச்சி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அக்கா, என் போட்டோ வேணாம்னு சொல்லுக்கா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் நான் மாமாவிடம் பேசினேன். வீட்டில் முதல் முதலாகப் படிக்கிற பிள்ளை என்பதால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அதே காரணத்தால் "நாலு எழுத்துப் படிச்சிட்டா எங்களுக்கே பாடமா?" என்ற பேச்சும் உண்டு. ரெண்டும் கிடைத்தது. "ஊருக்குச் சொல்ல வேணாமா?" என்று மாமா கத்தினார். "சொல்வோம் மாமா, பத்திரிகை வச்சுச் சொல்வோம்" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, பூ கட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அவ வேணாங்கிறாள்ல, விடுண்ணே" என்றார்.

கண்மணியைக் கூப்பிட்டு, "பத்திரிகை மேல என்னடி வேணும்?" என்று கேட்டேன். தாமரை, மயில், தேர் எல்லாம் காட்டினேன். அவள் சைக்கிள் என்றாள். "சடங்குப் பத்திரிகையில சைக்கிளா?" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். சைக்கிள்தான் வெட்டினோம். 60 பத்திரிகை, மூன்று ராத்திரி. தடிமன் அட்டை என்பதால் ஒவ்வொன்றுக்கும் கத்தி ரெண்டு தடவை ஓட வேண்டியிருந்தது. முதல் பத்தில் சக்கரத்துக் கம்பிகள் பிய்ந்துபோய், கம்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். அவள் பெயரை வெளியே வெட்டவில்லை, உள்ளே அச்சில் போட்டோம். அவள் அப்படித்தான் கேட்டாள். எனக்கும் பாலம் வைக்கிற வேலை மிச்சம்!

உள்பக்கம் எங்கள் அப்பத்தா பெயரை முதல் வரியில் போட்டேன். இதுவரை எந்தப் பத்திரிகையிலும் தாத்தா பெயர்தான் வந்திருக்கிறது, அப்பத்தா 'அன்னாரது மனைவி'. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. "எதுடீ என் பேரு?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நீளமா?" என்றார். அந்தப் பத்திரிகை முத்தையா சாமி படத்துக்குப் பின்னால் இன்னும் செருகி இருக்கிறது.

எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது என்று சொன்னால் பொய். மாமா ஆறுக்கு நாலில் ஒரு ஃபிளக்ஸ் வைத்துவிட்டார். அதில் கண்மணி இல்லை. மாமாவும் அவர் நண்பர்களும் சிங்கங்களும் மட்டும். யாருக்குச் சடங்கு என்று பார்க்கிறவர்களுக்குப் புரிந்திருக்காது!

இனி நம் பேரவைக்கு என் கோரிக்கை. இந்த வருஷ விழாவுக்கும் பனியன் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கணக்கு சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். திருப்பூர் வெறும் பனியன் மொத்தத்தில் எங்களுக்கு 120 ரூபாய்க்குக் கிடைத்தது. சின்னத்தை ஸ்கிரீன் பிரிண்ட் செய்ய ஒன்றுக்கு 15. வினைல் ஒரு மீட்டர் 350 ரூபாய், அதில் கழிவு போக 22 பெயர் வெட்டலாம், ஆக ஒரு பெயருக்கு 16. கத்தி, கரண்டுக்கு 5. மொத்தம் 156 ரூபாய். போன வருஷம் 380 வாங்கியவர்கள் கொள்ளையடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கடைக்கு வாடகை உண்டு, ஆளுக்குக் கூலி உண்டு. என் கணக்கில் கூலி இல்லை, ஏனென்றால் கூலிக்காரர்கள் நாம்தான்.

சின்னம் போட்ட பனியன் 135 ரூபாய். அதைப் பேரவை நிதியிலிருந்தும் இந்த மலருக்கு வாங்கிய விளம்பரப் பணத்திலிருந்தும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். நிதி பத்தாது என்றால் பாதியாவது. பெயர் வேண்டும் என்பவர்கள் மட்டும் 21 ரூபாய் கட்டிப் போட்டுக்கொள்ளட்டும். பெயர் வேண்டாம் என்பவரை ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. போட்டோவில் முதுகா தெரியப் போகிறது?

அதோடு, பழைய பிளாட்டர் ஒன்றை ரேடியம் கடைக்காரர்கள் யாராவது விற்றால் நம் ஒர்க்ஷாப்புக்கு வாங்கிப் போடலாம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. ஓட வைக்கத்தானே மூன்று வருஷம் படிக்கிறோம்! மெக்கானிக்கல்காரர்கள் உருளையைப் பார்க்கட்டும், நாங்கள் மோட்டாரைப் பார்க்கிறோம், கம்ப்யூட்டர்காரர்கள் தமிழைப் பார்க்கட்டும். சித்தி மாதிரி கடன் வாங்கி மெஷின் வாங்கியவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அது நின்றுபோனால் எங்கே கொண்டுபோவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சித்தி மெஷின் ஒரு தரம் நின்றபோது 'போர்டு மாத்தணும், 9 ஆயிரம்' என்றார்கள். திறந்து பார்த்தால் ஒரு ஒயர் கழன்றிருந்தது.

பிளாட்டர் வரும் வரை சித்தி மெஷின் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கிறது, கேட்டுவிட்டேன். பெயர் வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தாளில் எழுதி, மின்னியல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் கொடுங்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து நான் எழுதிக்கொள்ள மாட்டேன். உங்கள் கையால், உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படி எழுதுங்கள். கொம்பு வேண்டுமா, கால் வேண்டுமா, இனிஷியல் அப்பாவுடையதா, அம்மாவுடையதா, எல்லாம் உங்கள் இஷ்டம். முத்துலெட்சுமி ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். 'ண' அதிகம் உள்ளவர்கள் களை எடுக்க நேரில் வந்து உதவினால் நல்லது. சித்தி வீட்டில் டீ உண்டு.